பாறை ஓவியங்களும் பார்வையாளரும்

எங்கள் தலத்தெருவிலும் அதனைச் சூழ்ந்த காரைக்கால் வட்டாரத்திலும் மண்ணை வெட்டினால் வண்டலும் களியும் மணலுமே வெளிப்படும், பாறை தட்டுப்படாது. காவிரியின் கிளைகள் பல்லாயிரம் ஆண்டுகளாகக் கொணர்ந்து படிவித்த மண்ணின்மேல் நாம் வாழ்கின்றோம். நம் கோயில்களில் உள்ள கருங்கற்கள் யாவும் வெளியிடங்களிலிருந்து வந்தவையே. ஆதலால் கடைமடையிற் பிறந்த மாணவர்க்கு மலையும் குகையும் பாடநூலில் மட்டும் காணும் பொருள்களாக இருந்துவிடுகின்றன. கல்விச் சுற்றுலா என்றவுடன் அவர்கள் மலையுள்ள ஊர்களை நாடுவது இயல்பேயாகும். அவ்வாறு செல்லும் இடங்களுள் சித்தன்னவாசல் தலையாயது.

அங்ஙனம் செல்வது நன்றே. பழம்பொருளை நேரிற் காண்பதற்கு நிகரான வரலாற்றுப் பாடம் வேறில்லை. எனினும் மாணவ நண்பர்கள் ஒரு கேள்வியைத் தம்முள் எழுப்பிக்கொள்ளுதல் வேண்டும். பழைய ஓவியங்கள் உள்ள பாறைகளுக்கும் குகைகளுக்கும் மக்கள் திரளாகச் செல்லும்பொழுது, அவ்வோவியங்களுக்கு நேர்வது யாது? அவை நம்மால் வாழ்கின்றனவா, அழிகின்றனவா? இக்கேள்விக்கு ஒரு சொல்லில் விடை கூற இயலாது. ஆகவே அதனைச் சற்று விரிவாக ஆராய்வோம்.

பாறை ஓவியங்களை இருவகையாகப் பிரித்துக் கொள்ளலாம். முதல்வகை, எழுத்து வழங்குவதற்கு முற்பட்ட காலம் தொட்டு மாந்தர் இயற்கையான பாறையின் மேல் நேராகத் தீட்டிய கோட்டோவியங்கள். இரண்டாம் வகை, பாறையைக் குடைந்து அமைத்த கோயில்களில், சுவரிலும் விதானத்திலும் சுண்ணச் சாந்து பூசி, அதன்மேல் தீட்டிய வண்ண ஓவியங்கள்.

முதல்வகை ஓவியங்கள் தமிழ்நாட்டிற் பல இடங்களில் கிடைத்துள்ளன. விழுப்புரம் மாவட்டத்துக் கீழ்வாலையில் செங்காவி நிறத்தில் உருவங்கள் காணப்படுகின்றன. கிருஷ்ணகிரி மாவட்டத்து மல்லப்பாடியில் குதிரைமேல் அமர்ந்து பொருதும் இரு வீரர் வெண்ணிறத்தில் தீட்டப்பட்டுள்ளனர். கோவைக்கு மேற்கே குமிட்டிபதியில் யானையின் உருவம் உள்ளது. நீலகிரியில் கோத்தகிரிப் பக்கத்துக் கரிக்கையூரில், இருளர் வாழும் மலைச்சரிவில், விலங்குகளும் மனிதருமாகப் பெருந்தொகையான ஓவியங்கள் ஒரே பாறைத் தொகுதியில் அமைந்துள்ளன. இந்திய நாட்டளவில் இவ்வகைக்குப் பேர்பெற்றது மத்தியப் பிரதேசத்துப் பீம்பேட்கா. அதன் ஓவியங்களை வாகங்கர் என்னும் அறிஞர் 1957ஆம் ஆண்டில் கண்டறிந்தார். 2003ஆம் ஆண்டில் அவ்விடம் உலக மரபுச் சின்னமாக ஏற்கப்பட்டது.

இரண்டாம் வகைக்குத் தமிழ்நாட்டில் தலைசிறந்த சான்று சித்தன்னவாசல். புதுக்கோட்டை நகருக்கு வடமேற்கே ஏறத்தாழ 16 கிலோமீட்டர் தொலைவில் உள்ள நீண்ட பாறைக் குன்றின் மேற்குப் புறத்தில் அறிவர் கோயில் என்னும் சமணக் குடைவரை உள்ளது. குன்றின் உச்சிப் பகுதியில் ஏழடிப்பட்டம் என்னும் இயற்கைக் குகை இருக்கிறது. அங்கே சமணத் துறவியர் படுப்பதற்கென மழமழப்பாகச் செதுக்கிய கற்படுக்கைகள் உள்ளன. அவற்றுள் ஒன்றைச் செய்தளித்தோர் சிறுபாவில் இளையர் என்பதனை ஆங்குள்ள தமிழி எழுத்துக் கல்வெட்டு அறிவிக்கின்றது. அக்கல்வெட்டு ஈராயிரம் ஆண்டுப் பழமை உடையது.

இவ்வோவியங்கள் இத்துணைக் காலம் எவ்வாறு நிலைத்தன? அதற்குக் காரணம் அவற்றின் வண்ணப் பொருள்களே. செந்நிறம் காவிக்கல்லிலிருந்து கிடைத்தது. அஃது இரும்பின் துருவே யாகும். ஏற்கெனவே துருவாகிவிட்ட பொருள் மேலும் துருவேறிக் கெடுவதில்லை. வெயிலில் எளிதில் வெளிறுவதுமில்லை. வெண்ணிறம் வெண்களியாலோ சுண்ணாம்பாலோ ஆனது. கருமை கரித்தூளால் வந்தது. மேலும், பாறைமேல் நீர் கசிந்து உலரும்பொழுது, அதிற் கரைந்திருந்த கனிமங்கள் மெல்லிய படலமாகப் படிகின்றன. சில இடங்களில் அப்படலமே ஓவியத்திற்குக் கவசமாக அமைகின்றது. மேலே கவிந்து நிற்கும் பாறை மழையைத் தடுக்கின்றது.

இவற்றினும் பெரிய காவல் ஒன்று இருந்தது. அதுதான் தனிமை. வேட்டைக்குச் சென்றோரும் ஆடு மேய்ப்போரும் துறவியரும் அன்றி வேறு எவரும் அங்கே செல்லவில்லை. ஆண்டு முழுவதும் அங்குச் சென்றோரின் தொகை, இன்று ஒரு விடுமுறை நாளிற் செல்வோரின் தொகைக்கு ஈடாகுமா என்பது ஐயமே. பல்லாயிரம் ஆண்டு நின்ற சமநிலை சில பத்தாண்டுகளிற் குலைவதற்கு இம்மாற்றமே முதற்காரணம்.

இனிச் சித்தன்னவாசலின் வரலாற்றைப் பார்ப்போம். அறிவர் கோயிலின் விதானத்தில் ஒரு தாமரைக் குளம் தீட்டப்பட்டுள்ளது. மலர்ந்த தாமரைகளும், குவிந்த மொட்டுகளும், அகன்ற இலைகளும் அதில் உள்ளன; மீன்களும் அன்னங்களும் எருமையும் யானையும் குளத்தில் விளையாடுகின்றன; பூக்கொய்வோர் மூவர் கையில் மலருடன் காட்சி தருகின்றனர். தூண்களின் மேற்பகுதியில் ஆடல் மகளிர் இருவர் உருவங்களும், அரசனும் அரசியும் எனக் கருதப்படும் உருவங்களும் உள்ளன. ஒரு காலத்தில் இவ்வோவியங்கள் முதலாம் மகேந்திரவர்மன் காலத்தவை எனப்பட்டன. ஆயினும், பாண்டியன் சீமாறன் சீவல்லபன் காலத்தில், அஃதாவது 9ஆம் நூற்றாண்டில், மதுரை ஆசிரியர் இளங்கௌதமன் என்பவர் இக்கோயிலைப் புதுப்பித்தார் என்று ஆங்குள்ள கல்வெட்டுக் கூறுகின்றது. அதனைக் கொண்டு இன்றைய அறிஞர் இவற்றைப் பாண்டியர் கால ஓவியங்களாகக் கொள்கின்றனர்.

பிற்காலத்தில் இக்குடைவரை வழிபாடின்றித் திறந்து கிடந்தது. 1920ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் தொல்லியல் அறிஞர் கோபிநாத ராவும், புதுச்சேரியிற் பேராசிரியராயிருந்த பிரெஞ்சு அறிஞர் ழுவோ துப்ரேயும் இவ்வோவியங்களை அறிஞர் உலகிற்கு எடுத்துக்காட்டினர். நம் புதுவை மாநிலத்துடன் தொடர்புடைய ஒருவர் இதிற் பங்கு கொண்டார் என்பதில் நமக்கு மகிழ்ச்சி உண்டு. பின்னர்ச் சென்னை அருங்காட்சியகத்து வேதியியல் அறிஞர் பரமசிவன் இவற்றின் சாந்தினையும் வண்ணங்களையும் ஆராய்ந்தார். ஈரமற்ற சுண்ணப் பூச்சின்மேல் தீட்டப்பட்டவை இவை என்பது ஆய்வாற் புலனாயிற்று. வண்ணம் தாங்கும் அப்பூச்சின் தடிப்பு சில மில்லிமீட்டரே. இத்தனை அழகும் ஒரு நகத்தின் கீறலுக்குத் தாங்காத மெல்லிய தோலின்மேல் நிற்கின்றது!

தொடக்கத்தில் இக்கோயில் முழுவதுமே சுதை பூசி ஓவியம் தீட்டப்பட்டிருந்தது. இன்று எஞ்சியிருப்பவை பெரும்பாலும் விதானத்திலும் உத்திரங்களிலும் தூண்களின் மேற்பகுதியிலுமே உள்ளன. சுவர்களின் கீழ்ப்பகுதியில் ஏறத்தாழ ஒன்றுமில்லை. காற்றும் மழைச்சாரலும் இதற்கு ஓரளவு காரணம். ஆயினும் மனிதர் கை எட்டும் உயரத்தில் ஓவியம் இல்லை என்பதும், எட்டா உயரத்தில் இருக்கின்றது என்பதும் உற்று நோக்கத்தக்க உண்மையாகும். காவல் போதாதிருந்த ஆண்டுகளில் உள்ளே புகுந்தோர் இழைத்த கேடும் இவ்வழிவிற் பெரும்பங்கு கொண்டது.

பார்வையாளரால் வரும் கேடு எத்தன்மையது? வேண்டுமென்றே அழிப்போர் சிலரே. பெரும்பாலோர் ஆர்வத்தாலும் அறியாமையாலும் அழிக்கின்றனர். அவற்றை ஒவ்வொன்றாகக் காண்போம்.

முதலாவது, தொடுதல். நம் கையில் வியர்வையும் எண்ணெய்ப் பசையும் எப்பொழுதும் உண்டு. வியர்வையில் உப்பு உள்ளது. ஒருவர் ஒருமுறை தொட்டால் கண்ணுக்குத் தெரியும் மாற்றம் நிகழாது. ஆயிரம் பேர் தொட்டால் வண்ணத்துகள் தேய்கின்றது. எண்ணெய்ப்பசையில் தூசி ஒட்டிக் கருமை படிகின்றது. கோயில் வாயிற்படி பக்தர்களின் பாதம் பட்டுத் தேய்ந்திருப்பதை நீங்கள் கண்டிருப்பீர்கள். கருங்கல்லே தேயுமாயின் காவித்துகள் எம்மாத்திரம்?

இரண்டாவது, நீர் தெளித்தல். மங்கிய ஓவியத்தின்மேல் நீரைத் தெளித்தால் அது சிறிது நேரம் பளிச்சென்று தெரியும். நிழற்படம் எடுப்போர் சிலர் இதனைச் செய்வதுண்டு. அந்நீர் பாறையினுள் புகுந்து, ஆங்குள்ள உப்புக்களைக் கரைத்து, உலரும்பொழுது அவற்றை மேற்பரப்பிற்குக் கொண்டுவருகின்றது. உப்பு மணிகளாக உறையும்போது இடம் பெருகி, வண்ணத்தை அடியிலிருந்து தள்ளுகின்றது. கடலோரத்தில் வாழும் நமக்கு இது புதிதன்று. உவர்காற்றுப்பட்ட வீட்டுச் சுவரில் உப்புப் பூத்துக் காரை உதிர்வதை நாள்தோறும் காண்கின்றோம். அதுவே ஆங்கும் நிகழ்கின்றது. ஒரு நல்ல நிழற்படத்திற்காக ஓவியத்தின் ஆயுளிற் பல ஆண்டுகள் செலவாகின்றன.

மூன்றாவது, கோடு தீட்டுதல். உருவம் தெளிவாகத் தெரியட்டும் என்று சிலர் சுண்ணக்கட்டியாலும் கரியாலும் பழங்கோட்டின்மேல் புதுக்கோடு இடுகின்றனர். பின்னர் எது பழையது எது புதியது என அறிய இயலாது போகின்றது. சுண்ணக்கட்டியைத் துடைத்தெடுக்க முயன்றால் அடியிலுள்ள வண்ணமும் உடன் வந்துவிடும்.

நான்காவது, புகை. பாறை ஒதுக்கிடத்தில் சமையல் செய்வோரும், குளிர்காயத் தீ மூட்டுவோரும், விளக்கேற்றுவோரும் உண்டு. எண்ணெய்ப் புகையிலுள்ள கரி பாறையின் துளைகளில் இறுகப் படிந்துவிடும்.

ஐந்தாவது, பெயர் பொறித்தல். இதனைப் பற்றிப் பின்னர்ச் சொல்கின்றேன்.

ஆறாவது, நாம் சிறிதும் எண்ணாத ஒன்று. அதுதான் நம் மூச்சு. அமைதியாக நிற்கும் ஒரு மனிதனின் உடலிலிருந்து ஏறத்தாழ 100 வாட் மின்விளக்கின் அளவு வெப்பம் வெளிப்படுகின்றது. மூச்சின் வழியாகவும் தோலின் வழியாகவும் மணிக்கு ஏறத்தாழ 40 கிராம் நீர் ஆவியாகின்றது. கரியமிலவாயுவும் வெளிவருகின்றது. 40 மாணவர் கொண்ட ஒரு வகுப்பு ஒரு சிறிய குகையுள் ஒருமணி நேரம் நின்றால், 40 மின்விளக்கை எரித்து ஒன்றரை லிட்டருக்கு மேற்பட்ட நீரை ஆவியாக்கி விட்டதற்கு ஒப்பாகும். அறிவர் கோயிலின் உள்மண்டபமோ ஒரு வகுப்பறையினும் சிறியது. கருவறையில் நின்று மூச்சை ஆழ்ந்து இழுத்து ஒலி எழுப்பினால் அறை முழுவதும் அதிர்ந்து முழங்கும். அவ்வியப்பைக் கேட்பதற்காக ஒரு குழுவுக்குப் பின் ஒரு குழுவாக நெருங்கி நிற்பது வழக்கம்.

மூச்சால் ஓவியம் கெடும் என்பது மிகைக்கூற்று எனச் சிலர் எண்ணலாம். அவர்கள் பிரான்சு நாட்டு லாஸ்கோ குகையின் வரலாற்றை அறிதல் வேண்டும்.

1940ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் மோந்தினியாக் என்னும் சிற்றூரின் அருகே சிறுவர் நால்வர் ஒரு குகையுட் புகுந்தனர். காளைகளும் குதிரைகளும் மான்களும் அதன் சுவர்களில் நிறைந்திருந்தன. ஏறத்தாழ 17,000 ஆண்டுகட்கு முற்பட்டவை அவை. 1948ஆம் ஆண்டில் குகை பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. கூட்டம் வருவதற்கு ஏற்ப வாயிலை அகலப்படுத்தினர். தரையைச் சமன்செய்து மின்விளக்கும் அமைத்தனர். 1955ஆம் ஆண்டளவில் நாள் ஒன்றுக்கு ஏறத்தாழ 1,200 பேர் வந்தனர்.

விளைவு என்ன? மூச்சின் ஈரம் சுவரில் வேர்த்து வழிந்தது. விளக்கொளியில் பச்சைப்பாசி படர்ந்தது. கரியமிலவாயு ஈரத்திற் கலந்து சுண்ணப்பாறையைக் கரைத்தது. கரைந்த சுண்ணம் வேறிடத்தில் வெண்படிவமாக உறைந்து ஓவியத்தை மூடத் தொடங்கியது. பதினேழாயிரம் ஆண்டு கெடாதிருந்தது பதினைந்தே ஆண்டுகளில் நோயுற்றது. 1963ஆம் ஆண்டில் பண்பாட்டு அமைச்சராயிருந்த ஆந்த்ரே மால்ரோ குகையை மூடுமாறு ஆணையிட்டார். அன்று மூடிய வாயில் பொதுமக்களுக்கு மீண்டும் திறக்கப்படவில்லை. மூடிய பின்னும் நோய் முற்றும் நீங்கவில்லை. 2001ஆம் ஆண்டில் வெண்பூஞ்சணம் படர்ந்தது. ஒருமுறை குலைந்த சமநிலையை மீட்பது எத்துணை அரிது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டா.

பிரெஞ்சு மக்கள் அத்துடன் ஓய்ந்துவிடவில்லை. 1983ஆம் ஆண்டில் மூலக்குகையின் அருகிலேயே அதன் முதன்மையான பகுதிகளை அப்படியே படியெடுத்து வேறொரு குகையை அமைத்துத் திறந்தனர். 2016ஆம் ஆண்டில் குகை முழுவதற்கும் ஒரு படி உருவாயிற்று. 1994ஆம் ஆண்டில் அந்நாட்டிலேயே ஷோவே என்னும் மற்றொரு குகை கண்டுபிடிக்கப்பட்டபொழுது, அதனைப் பொதுமக்களுக்குத் திறக்கவே இல்லை. 2015ஆம் ஆண்டில் படிக்குகையையே திறந்தனர். லாஸ்கோவில் கற்ற பாடம் ஷோவேயிற் பயன்பட்டது.

நம் நாட்டுக் குடைவரைகள் பெரும்பாலும் முன்புறம் திறந்தவை. பாறையும் சுண்ணப்பாறை அன்று, கருங்கல்லே. எனவே லாஸ்கோவில் நிகழ்ந்தது அப்படியே இங்கும் நிகழும் எனல் பொருந்தாது. ஆயினும் சித்தன்னவாசலின் ஓவியம் சுண்ணப் பூச்சின்மேல் உள்ளது என்பதை மறத்தலாகாது. ஈரமும் வெப்பமும் ஏறி இறங்குந்தோறும் அப்பூச்சு விரிந்து சுருங்குகின்றது. பாறையுடன் கொண்ட பற்று மெல்ல மெல்லத் தளர்கின்றது.

இனிப் பெயர் பொறித்தலைப் பற்றிப் பார்ப்போம். அறிவுக்கூர்மை உள்ள மாணவர் ஒருவர் இங்கே ஒரு தடை எழுப்பலாம். "பழங்காலத்தில் பொறித்த பெயர்களைக் கல்வெட்டு என்று போற்றுகின்றீர்கள். சிறுபாவில் இளையரின் பெயர் வரலாறாயிற்று. நான் பொறித்தால் மட்டும் குற்றமா?" என்று அவர் கேட்கலாம். இது புறக்கணிக்கத்தக்க கேள்வி அன்று. இதற்கு விடை காண இலங்கைக்குச் செல்வோம்.

இலங்கையின் நடுப்பகுதியில் சிகிரியா என்னும் நெடும்பாறை உள்ளது. 5ஆம் நூற்றாண்டில் காசியப்ப மன்னன் அதன் உச்சியில் அரண்மனை அமைத்தான். பாறையின் பக்கத்தில் ஓவிய மகளிர் மலரேந்தி நிற்கின்றனர். அவர்களைக் காணச் செல்லும் வழியில், பளபளப்பாக மெருகிட்ட கண்ணாடிச் சுவர் ஒன்று உண்டு. அரண்மனை அழிந்த பின் பல நூற்றாண்டுகளாக அங்கு வந்தோர் அச்சுவரில் சிங்களக் கவிதைகளைக் கீறிச் சென்றனர். பேராசிரியர் பரணவிதான அவற்றுள் 685 பாடல்களைப் படித்தறிந்து 1956ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். சிங்கள மொழியின் வரலாற்றுக்கு அவை கிடைத்தற்கரிய சான்றுகள். ஆக, பார்வையாளரின் கிறுக்கலே பழம்பொருளாகி விட்டது!

அதே பாறையில் 1967ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் சிலர் இரவோடிரவாக ஏறி ஓவிய மகளிர்மேல் பச்சைச் சாயத்தைப் பூசினர். இத்தாலிய வல்லுநர் லூசியானோ மரன்சி வந்து பெரும்பாடுபட்டு அவற்றைச் செப்பனிட்டார். 2015ஆம் ஆண்டில் கண்ணாடிச் சுவரில் தம் பெயரைக் கீறிய இளம்பெண் ஒருவர்க்கு நீதிமன்றம் ஈராண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. பின்னர்க் குடியரசுத் தலைவர் அவரை மன்னித்து விடுவித்தார். சுற்றுலா வந்த இடத்தில் ஒரு நொடிப்பொழுதிற் செய்த செயலுக்கு வந்த துன்பம் அது.

பழையவர் கீறியதற்குப் போற்றுதல், புதியவர் கீறியதற்குத் தண்டனை. இது நடுவுநிலைமை ஆகுமா? ஆகும் என்பதற்குக் காரணங்கள் உள்ளன. சிறுபாவில் இளையரின் பெயரைப் பொறித்தோர் வெறும் பாறையில் பொறித்தனர். எவருடைய படைப்பையும் அழித்துப் பொறிக்கவில்லை. தாம் செய்தளித்த கற்படுக்கைக்கு அதனைச் சான்றாக வைத்தனர். சிகிரியாவின் புலவரோ ஓவியத்தின்மேல் எழுதவில்லை. எதிரே இருந்த சுவரில் எழுதினர். அன்று வந்தோர் சிலர். இன்று வருவோர் எண்ணிலர். இன்றைய பார்வையாளர் யாவரும் ஆளுக்கோர் எழுத்துக் கீறினால், ஓராண்டிற்குள் அப்பாடல்களுள் ஒன்றுகூட எஞ்சாது. தம் பெயரை நிலைநாட்ட விரும்புவோர்க்கு இன்று தாளும் அச்சும் பிற கருவிகளும் பெருகியுள்ளன, பாறை வேண்டுவதில்லை.

அசந்தாவின் செய்தியும் இங்கே நினைக்கத்தக்கது. 1819ஆம் ஆண்டில் வேட்டைக்கு வந்த ஜான் சுமித் என்னும் ஆங்கிலப் படை அதிகாரி அக்குகைகளைக் கண்டார். பத்தாம் குகையில் ஓர் ஓவியத்தின் மேலேயே தம் பெயரையும் நாளையும் கீறினார். அசந்தாவை வெளியுலகிற்கு அறிவித்த கையே அதன்மேல் முதற்காயத்தையும் உண்டாக்கிற்று. பிற்காலத்தில், 1920ஐ அடுத்த ஆண்டுகளில், நிசாம் அரசு அழைப்பித்த இத்தாலிய வல்லுநர் ஓவியங்களைக் காக்க விரும்பி அரக்கு மெருகு பூசினர். அம்மெருகே நாளடைவில் மஞ்சளாகி ஓவியத்தை மறைத்தது; அதனை நீக்குவது பின்வந்தோர்க்குப் பெரும்பணியாயிற்று. நல்லெண்ணம் மட்டும் போதாது. அறிவும் வேண்டும் என்பதற்கு இஃதோர் எடுத்துக்காட்டு.

இவ்வளவும் கேட்டபின், "அப்படியானால் எல்லாக் குகைகளையும் மூடிவிடுவதே நன்று" என்று முடிவு கட்டத் தோன்றும். அது பிழையான முடிவாகும். மக்கள் அறியாத பாறைக்கும் இடர் உண்டு. கருங்கல்லுக்கு விலை உண்டு. ஓவியம் இருப்பதை அறியாதவர்க்கு அப்பாறை சல்லிக் கற்களாகவே தோன்றும். கீழ்வாலைப் பகுதியில் கல்லுடைக்கும் தொழில் ஓவியப் பாறைகளை நெருங்குவது குறித்து ஆய்வாளர் எச்சரித்துள்ளனர். வெடி வைத்துத் தகர்த்த பின் வருந்திப் பயன் இல்லை. அறிஞர் இருவர் எடுத்துக்காட்டியிராவிடில் சித்தன்னவாசலுக்குக் காவலும் கதவும் வந்திரா. ஆகவே, ஓவியத்தை ஊரார் அறிவதே அதற்கு முதற்காவல்.

கேடு விளைவது இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட நிலையிலேதான். ஓர் இடம் ஊரறிந்ததாகிவிடுகின்றது. ஆனால் காவலாள் இல்லை, வேலி இல்லை, வழிகாட்டுவோர் இல்லை. கரிக்கையூரின் நிலை இத்தகையது. காட்டினுள் மலையேறி வருவோர் அங்கே ஓவியங்களின்மேல் எழுதியும் கீறியும் சேதம் விளைவித்துள்ளனர். செய்தி விரைவாகப் பரவும் இக்காலத்தில், ஒருவர் கைப்பேசியில் எடுத்த படமும் இடக்குறிப்பும் ஒரே நாளில் ஆயிரம் பேரை அங்கே அழைத்துவிடும். காவலை அமர்த்துதற்கோ ஆண்டுகள் ஆகின்றன.

ஆகவே வேண்டுவது, மூடுவதுமன்று, திறந்து விடுவதுமன்று. முறைப்படுத்துவதே வேண்டும். அதற்குரிய வழிகள் முன்பே அறியப்பட்டவை. பீம்பேட்காவில் நூற்றுக்கணக்கான பாறை ஒதுக்கிடங்கள் இருப்பினும், சிலவற்றை மட்டுமே பார்வையாளர்க்கெனப் பாதை அமைத்துக் காட்டுகின்றனர். ஏனையவை காட்டின் அமைதியில் விடப்பட்டுள்ளன. தஞ்சைப் பெரிய கோயிலில் கருவறையைச் சூழ்ந்த உட்சுற்றில் உள்ள சோழர் ஓவியங்களை அண்ணாமலைப் பல்கலைக்கழகத்து ஆசிரியர் கோவிந்தசாமி 1931ஆம் ஆண்டிற் கண்டறிந்தார். அச்சுற்று பொதுமக்களுக்குத் திறக்கப்படுவதில்லை. எனினும் மக்களுக்கு அவ்வோவியம் மறைக்கப்படவுமில்லை. கோயில் வளாகத்திலேயே அவற்றின் படங்களைக் காட்சிக்கு வைத்துள்ளனர். தமிழ்ப் பல்கலைக்கழகம் 2010ஆம் ஆண்டில் அவற்றை நூலாகவும் வெளியிட்டது. இருண்ட குறுகிய வழியில் கூட்டத்திடையே ஒரு நொடி காண்பதைக் காட்டிலும், நல்ல படத்தை அமர்ந்து காண்பது கல்விக்கு மிகுந்த பயன் தரும்.

இவற்றோடு, பாறையின் அண்மையில் வாழும் ஊராரையே காவலராகவும் வழிகாட்டிகளாகவும் அமர்த்துதல் வேண்டும். அங்ஙனம் செய்தால் அவர்களுக்குப் பிழைப்பும் கிடைக்கும். பாறைக்குக் காவலும் கிடைக்கும். ஓவியத்திற்கு முன்னே கைக்கு எட்டாத தொலைவில் தடுப்பு அமைத்தலும், ஒரு நேரத்தில் இத்தனை பேர் என வரையறுத்தலும் பெருஞ்செலவு பிடிக்கும் செயல்கள் அல்ல.

சட்டமும் துணை நிற்கின்றது. 1958ஆம் ஆண்டுத் தொன்மைச் சின்னங்கள் சட்டம், 2010ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சிதைப்போர்க்கு ஈராண்டு வரை சிறையோ, ஓரிலக்கம் ரூபாய் வரை தண்டமோ, இரண்டுமோ விதிக்க இடம் தருகின்றது. ஆனால் சட்டம் சேதம் நிகழ்ந்த பின்னரே வருகின்றது. தண்டனை பெற்றவர் சிறையிலிருந்து மீள்வார். உதிர்ந்த வண்ணம் மீளாது.

மாணவர்கள் செய்யத்தக்கவை சிலவற்றைச் சொல்கின்றேன். சுற்றுலாவுக்கு முன்னரே அவ்விடத்தைப் பற்றிப் படித்துச் செல்லுங்கள். எதைக் காண்பது என்று அறிந்தவர் விரைவிற் கண்டு பிறர்க்கு இடம் விடுவர். உள்ளே பத்துப்பத்துப் பேராகச் செல்லுங்கள். சுவரிற் சாயாதீர்கள், பையை முதுகிலிருந்து இறக்கிக் கையிற் பிடியுங்கள், ஏனெனில் திரும்பும்பொழுது உராய்வது அதுவே. நீர், தீ, சுண்ணக்கட்டி ஆகிய மூன்றும் ஓவியத்தின் அருகே வேண்டா. மின்னொளி பாய்ச்சிப் படம் எடுக்காதீர்கள். பார்த்ததை வீட்டுக்கு வந்து குறிப்பேட்டில் வரையுங்கள். காவலில்லாத புதிய ஓவியம் எதனையேனும் கண்டால், அதன் இடத்தை ஊருக்கெல்லாம் பறைசாற்றாமல், தொல்லியல் துறையினர்க்கோ மாவட்ட ஆட்சியர்க்கோ முதலில் அறிவியுங்கள்.

சித்தன்னவாசலின் தாமரைக் குளத்தைத் தீட்டியவர் பெயரை நாம் அறியோம். அவர் அதனைத் தம் காலத்தவர்க்கென மட்டும் தீட்டவில்லை. நமக்குப் பின் வருவோரும் அதற்கு உரியவரே. சுற்றுலா செல்லும் ஒவ்வொரு வகுப்பும், அடுத்த ஆண்டு வரவிருக்கும் வகுப்பிற்கு அக்குளத்தைக் குறைவின்றி விட்டு வருதல் வேண்டும். அங்ஙனம் விட்டு வருவீர்கள் என்ற நம்பிக்கையுடன், சென்று காணுங்கள் என்றே கூறுகின்றேன்.